பகேரியாவில் பதினேழு நாள்

கடந்த ஏப்ரலில் நான் இத்தாலியின் பலெர்மோவுக்குப் போனது கடல் பார்க்க அல்ல. ஜப்பானியப் பிரபு ஒருவரின் வாழ்க்கையை ஆறு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். குறுநில மன்னர் வீட்டில் பிறந்தவர். நிலமெல்லாம் போன பிறகு அமைச்சராகி, ரோமில் தூதரானார். ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்துப் பதவியை விட்டார். ஊர் திரும்பினால் விசாரணை. திரும்புவதற்கு முந்திய பதினேழு நாள் எங்கே இருந்தார் என்பது மட்டும் எனக்குக் கிடைக்கவேயில்லை.

என் வலைப்பதிவைப் படிக்கும் மரியதாஸ் அழைத்தார். மன்னார்க்காரர், பலெர்மோவை அடுத்த பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் முதிய சிஞ்ஞோரா ஒருவரை, அதாவது அந்த வீட்டு அம்மையாரை, பராமரிக்கிறார்.

"அக்கா, நீங்க தேடுற ஆள் இஞ்சைதான் நிண்டிருக்கிறார். சிஞ்ஞோரான்ர பூட்டி எழுதின டயறி கிடக்கு. சனிக்கிழமை வீட்டை வாங்கின ஆக்களிட்டை குடுக்கினம். கெதியா வாங்கோ."

வெள்ளிக்கிழமை ரயில் 9.10க்கு. நான் 8.20க்கே நிலையத்தில் நின்றேன். உட்காரவும் முடியவில்லை, வாங்கிய காப்பியைக் குடிக்கவும் முடியவில்லை. பதினைந்து கிலோமீட்டர் தூரம். எனக்கு டிக்கெட் 2 யூரோ 80 சென்ட். இறங்கி இருபது நிமிடம் நடந்தேன். ஓடினேன் என்பதே சரி.

வீடெங்கும் கட்டிய பெட்டிகள். மரியதாஸ் டயறியை விரித்துத் தமிழில் சொன்னார்: "'ஜப்பான்காரர் இண்டைக்கும் பெட்டி அடுக்கினவர். ஸ்டேசனுக்குப் போனவர். ரயில் போனாப்பிறகு திரும்பி வந்தவர்.' அடுத்த நாளும் இதுதான் அக்கா."

சிஞ்ஞோரா ஏதோ சொன்னார். "சாப்பாட்டைப் பாதியிலை விட்டிட்டு எழும்பிடுவாராம் எண்டு பூட்டி சொன்னவவாம். சரியான பயமாம்."

எனக்குச் சுருக்கென்றது. "அவர் பயந்தவர் இல்லைத் தம்பி. விசாரணைச் சபைக்கு முன்னாலை நிண்டு உண்மையைச் சொன்னவர்."

"ஓம். பயந்தவன் போகமாட்டான் எண்டு ஆர் சொன்னது? பெர்மெஸ்ஸோ, அதான் இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி, எடுக்க முதல் தரம் போகேக்கை, பொலிஸ் கந்தோர் வாசல்லை இருந்து நான் மூண்டு தரம் திரும்பி வந்தனான்."

மரியதாஸ் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "பதினேழாம் நாள். 'இண்டைக்கு அவர் திரும்பி வரேல்லை. எடுத்து வைச்ச சாப்பாடு ஆறிப்போச்சு.'"

பகேரியா மாளிகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். முதல் நாளே கேட்டுவிட்டுப் போவது நல்லது. மதியம் பூட்டிய கதவுகளே அதிகம். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பும் ரயிலில் என் கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். 'அச்சமறியாதவர்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'பயந்தார். போனார்.'