பிரசங்கம் முடிந்த பிறகு

மழைக்கு ஒதுங்கிய நான், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தேவாலயத்தில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்நியரை உபசரிக்கச் சொல்லித்தான் இன்றைய பிரசங்கம். கண்டியில் படிக்கும் இரண்டு வெளிநாட்டு மாணவிகள் வந்திருக்கிறார்கள். ஜெர்மன் பெண்ணைப் போதகர் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார். கென்யப் பெண்ணிடம், பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரிக்கிறார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பது இதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொழுந்து பறிக்கும் செல்வராணி முந்திக்கொள்கிறாள். "ஏங்க ஐயா, தொரை பங்களாவுல நம்மள பின்வாசல்ல நிறுத்துனாங்களே, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

போதகர் தடுமாறுகிறார். "சரி சரி, அவங்களும் வரட்டுமே."

"வாங்கன்னு ஒரு வார்த்த வரல பாருங்க! வேணாங்க. எங்க லயத்து வீட்டுல ரொட்டி சூடா இருக்கு."

கென்யப் பெண்ணின் கையைப் பிடித்து, ஒரே குடையில் மழையில் இறங்குகிறாள். ஜெர்மன் பெண்ணும் நனைந்தபடி பின்னால் ஓடுகிறாள்.