பிளாட்டிபஸ் பார்க்கப் போன கூட்டம்

மெல்பேர்னில் இருக்கும் என் அண்ணை ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு கலண்டர் அனுப்புவார். பிரான்சில், மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் குசினிச் சுவரில், அரிசி வாளிக்கு மேலே அது தொங்கும். மாதத்துக்கு ஒரு படம். காட்டுக்குள் புகைவிட்டுப் போகும் பழைய ரயில், ஒருகாலத்தில் தங்கம் தோண்டியவர்கள் விட்டுப்போன ஊர், கங்காருக்கள் மேயும் சரணாலயம். மலைக்காட்டுக்குள் இருக்கும் ஓர் ஏரியின் படத்தில்தான் பிளாட்டிபஸை முதன்முதல் பார்த்தேன். வாத்தின் அலகு, பூனை அளவு உடம்பு, முட்டையும் இடும், பாலும் கொடுக்கும். விசா அட்டைக்காக நான் கால்கடுக்க நின்ற பிரெபெக்ச்சர் அலுவலகத்தில் இது வந்து நின்றால், எந்த வரிசைக்கு அனுப்புவது என்று தெரியாமல் அவர்களே திண்டாடிப் போவார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அதை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. செத்துப்போவதற்குள் ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

2015 ஓகஸ்டில்தான் அது கைகூடியது. என் கணவர் சமைக்கும் பிரெஞ்சு ரெஸ்ரோறன்ட் ஓகஸ்டில் பூட்டிவிடும். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் நான் நிற்கும் புடவைக் கடை முதலாளியிடம் மூக்கால் அழுது மூன்று கிழமை லீவு வாங்கினேன். மகளையும் கூட்டிக்கொண்டு பறந்தோம்.

போய் இறங்கிய அன்றே விருந்து தொடங்கிவிட்டது. எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் ஊரில் உள்ள அத்தனை வீட்டிலும் கை நனைக்க வேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டு அடுத்த வீட்டில் சாப்பிடாமல் வந்தால் அது பத்து வருடத்துப் பேச்சு. மத்தியானம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு. எல்லா வீட்டிலும் ஆட்டிறைச்சிக் கறி, எல்லா வீட்டிலும் பெரிய டீவி, எல்லா வீட்டிலும் "இன்னும் கொஞ்சம் போடட்டே?" என் கணவருக்கு வாயெல்லாம் பல். எனக்கு வயிறும் எரிந்தது, மனசும் எரிந்தது. இரண்டரைக் கிழமையில் நான் பார்த்த ஆஸ்திரேலியா முழுக்கக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததுதான்.

"அண்ணை, கலண்டரில இருக்கிற ஏரிக்கு எப்ப போறம்?" என்று கேட்டேன்.

"அது மூண்டு மணித்தியால ஓட்டம் பிள்ளை. நானே போனதில்லை."

"இருபது வருசமா இஞ்சை இருக்கிறீங்கள்!"

"ரெண்டு வேலை செய்தனான். ஏரி பாக்க எங்கை நேரம்?" என்றார். சொன்ன விதத்தில் குறை ஒன்றும் இல்லை.

மிஞ்சியது கடைசிச் சனிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு ஏரி என்று முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை, மெல்பேர்னிலேயே இருக்கும் எங்கள் சித்தப்பா போன் எடுத்தார். "நாளைக்கு மத்தியானம் எங்கடை வீட்டை. சித்தி ஆடு வாங்கிப்போட்டா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல காலம், வாயில் வந்தது வேறு. "ஓம் சித்தப்பா, கட்டாயம் சாப்பிடுறம். ஆனா வீட்டை இல்லை. கறியை அப்பிடியே ஏரிக்கரைக்குக் கொண்டு வாங்கோ. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. விருந்து அங்கை."

"உனக்கென்ன விசரே?" என்றார் அண்ணை. சித்தப்பாவோ ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றுவிட்டார். வாங்கிய ஆட்டை என்ன செய்வது?

சனிக்கிழமை எட்டுக் கார்கள் வரிசையாய்ப் போயின. வழியில் அந்தத் தங்கம் தோண்டிய ஊரும் வந்தது. மூத்திரம் பெய்ய நிறுத்திய இடத்தில் மரத்தாலான பழைய கடைகளையும் பார்த்துவிட்டோம். ஏரிக்கரையில் பொத்தானை அமுக்கினால் சூடாகும் இரும்புத் தட்டு ஒன்று பொதுவில் இருந்தது. யாரும் காசு கேட்கவில்லை. பிரான்சில் இப்படி ஒன்றைக் காணாத என் கணவர் அதை விட்டு அசையாமல் நின்று எல்லாருக்கும் ரொட்டி சுட்டுப் போட்டார். ஓகஸ்ட் அங்கே குளிர்காலம்; அந்தக் குளிரில் ஆவி பறக்க ஆட்டுக்கறி. நான் அந்த மூன்று கிழமையில் ருசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

பொழுதுபடும் நேரத்தில்தான் பிளாட்டிபஸ் மேலே வரும், சத்தம் கேட்டால் வராது என்று அங்கே பலகையில் எழுதியிருந்தது. தண்ணீரோரம் இருந்த மரமேடையில் நான் முன்னுக்கு நின்றேன். எனக்குப் பின்னால் எங்கள் கூட்டம். எங்கள் கூட்டத்துக்குச் சத்தமில்லாமல் நிற்கத் தெரியுமா? சித்தப்பா வீட்டுக்கடன் வட்டியைப் பற்றி, சித்தி யாரோ ஒருத்தியின் கல்யாணத்தைப் பற்றி, எல்லாருக்கும் மேலே அண்ணையின் குரல், திரும்பும்போது எந்த வழியால் போவது என்று. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீரில் ஓர் அசைவும் இல்லை.

திரும்பினேன். "அண்ணை, வாயை மூடுங்கோ!"

அப்பா செத்ததிலிருந்து குடும்பத்தில் யாரும் அண்ணையை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. அண்ணை என்னை முறைத்தார். நானும் விடாமல் முறைத்தேன். பிறகு அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போனது. வாய் மெல்லத் திறந்தது. சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். மகள் என் கையைப் பிடித்து "லா, மமோன், லா!" என்று மூச்சுக்குள் சொன்னாள். அங்கை, அம்மா, அங்கை என்று.

நான் திரும்பியபோது வட்டவட்டமாய் அலை மட்டும் விரிந்துகொண்டிருந்தது. இருட்டும்வரை நின்றோம். அது பிறகு வரவேயில்லை.

அத்தனை பேரும் பார்த்தார்கள், என்னைத் தவிர. காரில் ஏறி வாய்விட்டு அழுதேன். பாதி வழியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்த்தது அண்ணையின் முகத்தை. வேலைக்குப் போகத் தொடங்குமுன், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவருக்கு இருந்த முகம் அது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

இப்போது மாதத்துக்கு ஒருதரம் அண்ணை அந்த ஏரிக்குப் போகிறார். கடையில் நான் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது போனில் படம் வந்து விழும். படத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். "வந்தது பிள்ளை, படம் எடுக்கேக்க தண்ணிக்குள்ள தாண்டுட்டுது" என்று கீழே எழுதியிருப்பார். போன கிழமை வந்த படத்திலும் தண்ணீர்தான். கீழே எழுதியிருந்தது மட்டும் வேறு: "பிளேன் ரிக்கெற்றைப் போடு. இந்த முறை ஒருத்தர் வீட்டையும் சாப்பிடப் போறதில்லை. நீ தண்ணியைப் பாத்துக்கொண்டு நில். அவையளை நான் வாய் மூட வைக்கிறன்."