கதை கேட்கப் பனியைத் தேடிப் போன பின்னேரம்

ரூஜ் நதி ஒன்ராறியோ ஏரியில் சேரும் கரைக்குக் கோடையில் போவது பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் போனது நவம்பர் கடைசியில், ஒரு கதை கேட்பதற்காக.

ஸ்காபரோவில் உயர்நிலைப் பள்ளியொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில், பூர்வகுடி மக்களின் கல்வி, அறிவு முறைகள் பற்றிய முதுகலைப் படிப்பில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். அனிஷினாபே மக்களின் நட்சத்திரக் கதையொன்றை வைத்து வகுப்பில் வானியல் படிப்பிப்பதுதான் நான் எடுத்த ஆய்வுத் தலைப்பு. எங்கள் விரிவுரையாளர் மார்லீன் அந்த மக்களில் ஒருவர், என்னைவிட இளையவர். செப்டெம்பரிலேயே அவரிடம் கதையைக் கேட்டேன். நிலத்தில் பனி கிடக்கும்போது மட்டுமே அதைச் சொல்வோம் என்றார்.

ஆய்வுத் திட்டத்தைக் கொடுக்க டிசம்பர் முதல் திங்கட்கிழமை வரைதான் அவகாசம். அதற்குள் பனி விழாவிட்டால் தலைப்பும் போய், ஒரு தவணையும் பிந்தும். கதை நூலகத்தில் அச்சில் இருக்கிறதே என்றேன். "வாசியுங்கள். ஆனால் என்னிடம் கேட்டதாக எழுதாதீர்கள்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நட்சத்திரங்கள் ஜூலையிலும் அங்கேதானே இருக்கின்றன?

கடைசிச் சனிக்கிழமை காலை பனி கொட்டியது. நான்கு மணிக்கு அந்த ஏரிக்கரைக்கு வரும்படி மார்லீன் செய்தி அனுப்பினார். கதை கேட்பவர் புகையிலை கொடுத்துக் கேட்பது அவர்களது முறை. மோர்னிங்சைட்டில் வழமையாக மரக்கறி வாங்கும் கடையில் கேட்டேன். கடைக்காரத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அன்ரி, ஸ்ரெஸ் கூடிப்போச்சோ?"

"இது படிப்புக்குத் தம்பி."

"அப்ப கூடித்தான் போச்சு."

லோரன்ஸ் வீதியில் கிழக்கே போகும் பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரை இருபத்தைந்து நிமிடம். பிரெஸ்டோ பயண அட்டையில் மூன்று டொலர் முப்பது சதம். அங்கிருந்து பத்து நிமிட நடை.

கரையில் பனி இல்லை. ஏரி இன்னும் குளிர்ந்து முடியவில்லை; விழுந்ததெல்லாம் கரைந்து மணல் ஈரமாகக் கிடந்தது. நான் படிப்பிக்கிற பாடம்தான், ஆனால் யோசிக்கவில்லை. மார்லீன் நிலத்தைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தார். என் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு கிடந்த பனியைப் போனில் காட்டினேன்.

"அழகாயிருக்கிறது. ஆனால் நாங்கள் இங்கே நிற்கிறோமே" என்று சிரித்தார்.

மறுநாள் முழுக்க மழை என்று அறிவித்திருந்தார்கள். என்னிடம் வேறு நாள் இல்லை. ஏரியை விட்டு உள்ளே சில கிலோமீட்டர் போனால் பனி இருக்கும் என்றேன், பாதி வாதமாகவும் பாதி கெஞ்சலாகவும்.

"அப்படியானால் அங்கே போவோம்."

இருவரும் பஸ்ஸில்தான் வந்திருந்தோம். டாக்சியை அழைத்தேன். சாரதி மன்னார்க்காரர்.

"எங்க அக்கா போறியள்?"

"பனி கரையாம கிடக்கிற இடத்துக்கு, அண்ணை."

"சனம் ஸ்னோவுக்குப் பயந்து புளோரிடாவுக்கு ஓடுது. நீங்கள் காசு குடுத்துத் தேடிப் போறியள்." பிறகு, "சூவுக்குப் பக்கத்தில காட்டோரம் அப்பிடியே கிடக்கு. காலமை அதிலதான் வழுக்கினனான்" என்றார்.

மிருகக்காட்சிசாலைப் பக்கம் பதினொரு கிலோமீட்டர், இருபத்தாறு டொலர். காட்டோரத்தில் பனி மிதிபடாமல் கிடந்தது. துணியில் முடிந்த புகையிலையைக் கொடுத்தேன். மார்லீன் அதில் ஒரு சிட்டிகையைத் தேவதாரு மரத்தடியில் வைத்தார். சாரதி கண்ணாடியை இறக்கி, "நானும் நிக்கலாமோ?" என்றார். மார்லீன் கைகாட்டி அழைத்தார்.

புதுப்பனி ஒலியை உறிஞ்சும் என்று வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குள் நின்று ஒரு குரலை மட்டும் கேட்டது அதுதான் முதல் தடவை. கதையின் நடுவில் மார்லீன் குனிந்து, பனியில் விரலால் குழிகள் வைத்தார். மரங்களுக்கு மேலே இருட்டி, ஒன்று, இரண்டு என்று நட்சத்திரங்கள் வந்தபோது நான் நிலத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பிழை பிடிக்கத்தான் பார்த்தேன். குழிகள் இருந்த இடங்களில்தான் அவை வந்தன. வெறும் மண்ணில் அந்தக் குழிகள் எனக்குத் தெரிந்திருக்காது.

கதையை ஆய்வில் எழுதலாமா என்று கேட்டேன். "கதையை வேண்டாம். இன்றைக்கு இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதை எழுதலாம்" என்றார்.

திரும்பும் வழியில் சாரதி, "வந்த நாள் தொட்டு இந்த ஸ்னோவைத் திட்டித் திட்டித்தான் வழிக்கிறன். இனித் திட்டுறது கஷ்டம், அக்கா" என்றார்.

ஞாயிறு மழை பெய்தது. நான் தலைப்பை மாற்றி எழுதினேன்: ஒன்றை எப்போது சொல்வது என்பதும் பாடத்தின் பகுதியா? திங்கள் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

இப்படியொரு பயணம் போகிறவர்களுக்கு: நீர் புகாத சப்பாத்து அவசியம். ஏரிக்கரையை நம்பாதீர்கள். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கதை சொல்பவர் கூப்பிடும்வரை பொறுத்திருங்கள்.

கதை என்ன என்று சிலர் கேட்பீர்கள். எனக்கு நினைவிருக்கிறது, ஒரு சொல் விடாமல். ஆனால் இதை நீங்கள் எந்த மாதத்தில் வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.