சித்தி குடித்த பாட்டில்

தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு, ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சர்ச்சில் போட்ட நாடகத்தில் சித்தப்பாவுக்குக் குடிகாரன் வேஷம். ஆள் தேடிப் போதகர் அலையவில்லை. ஊரில் அந்த அனுபவம் அவருக்குத்தான் அதிகம். குடிகாரனுக்குக் கண் சிவக்கும், காரணமில்லாமல் காயம் வரும், கப்பல் பாய்மரத்தின் உச்சியில் படுத்தவனைப் போலத் தலை ஆடும் என்று வேதத்தில் சாலொமோன் சொல்லியிருப்பதை நான் ஒப்புவிக்க வேண்டும். அவர் அதை நடித்துக் காட்ட வேண்டும்.

சித்தப்பா குடியை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "இன்னொரு தபா குடிச்சினு வந்தா, நான் குன்றத்தூர்ல எங்கம்மா வூட்டுக்கே போயிடுவேன்" என்று சொல்லிய சித்தி, புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். எனக்கு ஏழு வயது. "என்னியும் கூட்டிக்கினு போ சித்தி" என்று கேட்டேன். சித்தியும் சரி என்றாள். குன்றத்தூரில் ஏறி விளையாட மலை இருந்தது. அவளுக்குத் தெரியாமல் என் பூப்போட்ட கவுனையும் அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

நாடகத்தன்று பந்தலில் கூட்டம் நெரிந்தது. நான் முதல் வரியைச் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா பிராந்தி பாட்டிலோடு வந்துவிட்டார். வேட்டி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மேடையிலிருந்த நாற்காலியை "இன்னா மச்சான்" என்று கட்டிக்கொண்டு அழுதார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சித்தியைத் தவிர. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள்.

"எங்க, ஊது!"

சித்தப்பாவின் தள்ளாட்டம் சட்டென்று நின்றது. ஊதினார். அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"மெய்யாலுமே கடுங்காப்பிதாம்மே. நீயே குடிச்சிப் பாரு."

சித்தி பாட்டிலை வாங்கி, சபையார் அத்தனை பேரும் பார்க்க, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். போதகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சக்கர கம்மி" என்றாள் சித்தி. பிறகு மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ஒப்புவித்த மிச்சத்தை யாருமே கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். நடுவில் என் கவுன் வந்தது.

"இது இன்னாடி இங்க கீது?"

வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். சித்தப்பா குடிக்காமல் போய்விட்டாரே என்று எங்கள் வீட்டில் வருத்தப்பட்டவள் நான் ஒருத்திதான்.