கேட்டவுடன் கொடுத்த நிறுவனம்

சில ஆண்டுகளுக்கு முன், உலகம் முழுவதும் பங்குச் சந்தைகள் சரிந்துகொண்டிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லிட்டில் இந்தியாவில் பஃப்ளோ ரோட்டுக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் என் தம்பியும் அவன் மனைவியும் நானும் உட்கார்ந்திருந்தோம். தம்பிக்கு ஜூரோங்கில் தோசை மாவு தயாரிக்கும் சிறு தொழிற்சாலை இருக்கிறது. பக்கத்துத் தேக்கா சந்தையைச் சுற்றியுள்ள கடைகளுக்கு மாவுப் பாக்கெட்டுகளை இறக்கிவிட்டு இருவரும் அங்கே பசியாறுவது வழக்கம். அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். புக்கிட் மேராவில் இருப்பவளை ஞாயிறு காலையிலேயே கிளம்பி வரச் சொன்னால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று பொருள்.

விஷயம் இதுதான். சூரியத் தகடு தயாரிக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பங்குகளை வாங்கிவிடலாம் என்று தம்பி முடிவு செய்திருந்தான்.

"பாதி விலைக்கும் கீழ போயிருச்சு அக்கா. இப்ப வாங்காம எப்ப வாங்குறது?"

"எந்தக் காசுல வாங்கப் போற?"

பதில் அவன் மனைவியிடமிருந்து வந்தது. "குளிர் அறை மாத்துறதுக்கு வச்சிருக்கோம்ல அண்ணி, அந்தக் காசுல."

அரைத்த மாவு வேனில் ஏறும்வரை அந்தக் குளிர் அறையில்தான் இருக்கும். அது பழையது, அடிக்கடி நின்றுபோகும். ஒருநாள் முழுவதும் நின்றால் அத்தனை மாவும் புளித்துப் போகும். மறுநாளே கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பணம் போனால் தொழிற்சாலையே ஆட்டம் கண்டுவிடும் என்பது மூவருக்கும் தெரியும்.

தம்பியின் நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நிறுவனத்தின் தகடுகள்தாம் அவனுடைய தொழிற்சாலைக் கூரையில் இருந்தன. மின்கட்டணம் நன்றாகவே குறைந்திருந்தது.

"எங்க சுவா சூ காங் வீட்டு ஜன்னலத் திறந்தா, கீழ தெரியுற கூரையெல்லாம் பேனல்தான். நாடே வாங்குது. செய்றவனுக்கு எப்படி நஷ்டம் வரும், சொல்லு?"

நம் ஊரில் பலரும் செய்யும் கணக்கு அது. கூரைதோறும் தகடு தெரிகிறது, ஆகவே தயாரிப்பாளர் கொழிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். தகடு மலிவாக இருப்பதால்தான் அத்தனை கூரைகளுக்கும் ஏறியது. அது அவ்வளவு மலிவானதற்கு, தேவைக்கு மேல் தயாரித்துவிட்டு அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிடும் நிறுவனங்களே காரணம். விற்பனையும் நஷ்டமும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்த தொழில் அது.

ஆனாலும் நான் பயப்படவில்லை. தமிழ்ச் செய்திப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகள் வர்த்தகச் செய்திகளைப் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். சந்தை விழும்போது வாங்கி, ஏறும்வரை காத்திருந்த பழக்கமும் எனக்கு உண்டு. சூரிய மின்சாரம் வளரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தச் சரிவைத் தாண்டி நிற்கும் நிறுவனங்கள் நன்றாக வரும் என்றுதான் நானும் நினைத்தேன். தம்பி சொன்ன நிறுவனம் தாண்டி நிற்குமா என்பது மட்டுமே கேள்வி.

"எனக்கு ஷேரெல்லாம் தெரியாது அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "கணக்கு ரெண்டு பேரு பேர்லயும் இருக்கு. நீங்க சரின்னு சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். வேணாம்னா வேணாம்."

"கட்டிக்கிட்டது என்னை. கேக்குறது உன் பேச்ச," என்று தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சிரிப்புதான். ஆனால் முடிவு என் தலையில் வந்து விழுந்துவிட்டது.

கூரையின் பெருமையைக் காட்டக் கைப்பேசியில் இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தான். தகடுகளைக் கழுவ வந்தவர்கள் எடுத்து அனுப்பிய படங்கள் அவை. ஒரு படத்தில், தகட்டின் பின்புறம் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கருகியிருந்தது.

"இது என்னடா?"

"அது ஒண்ணுதான் லா. பாத்துக்கலாம்."

பொருத்திக் கொடுத்த ஒப்பந்தக்காரர் தொழிலை விட்டுப் போய்விட்டதால், அவன் அதை அப்படியே விட்டுவைத்திருந்தான். தகட்டுக்கு இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம். எனக்கு வழி கிடைத்தது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்துச் செய்தி எழுதக்கூடாது, போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் செய்தி அறையில் எழுதப்படாத சட்டம்.

"முதல்ல இந்த ஒரு பேனலுக்கு என்ன பதில் சொல்றாங்கன்னு பாப்போம். அப்புறம் ஷேர் வாங்கலாம்," என்றேன். தம்பிக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டான்.

புதன்கிழமை, மாவு ஏற்றும் வேனிலேயே போனோம். அந்த நிறுவனத்தின் சேவை அலுவலகமும் ஜூரோங்கில்தான் இருந்தது. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் தரைத்தளம். முன்னால் அலுவலகம், பின்னால் கிடங்கு.

கதவைத் திறந்ததும் என் கண் பழக்கப்படி சுற்றியது. வரிசையாக மேசைகள். ஒன்றில் மட்டும் கணினி இருந்தது. மற்ற மேசைகளில் கம்பிகள் மட்டும் தொங்கின. சுவரில் படச் சட்டங்கள் மாட்டியிருந்த இடங்கள் வெளிறித் தெரிந்தன. தண்ணீர் இயந்திரத்தின் தலையில் போத்தல் இல்லை. வந்தவர்கள் உட்காரும் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக மூலையில் அடுக்கப்பட்டிருந்தன.

கணினி இருந்த மேசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நிறுவனச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டதும், "தமிழா? வாங்க, உக்காருங்க," என்று எழுந்து, அவரே இரண்டு நாற்காலிகளை இறக்கிப் போட்டார்.

தம்பி படத்தைக் காட்டினான். "இது ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் சூப்பரா ஓடுது."

அவர் படத்தையும் தகட்டின் எண்ணையும் கணினியில் சரிபார்த்தார். "வேன்லயா வந்தீங்க?"

"ஆமா, வாசல்ல நிக்குது."

"அப்ப இப்பவே ஒண்ணு ஏத்திக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆள் வந்து பாக்கணும், சோதிக்கணும், சில மாசம் ஆகும்னு உங்க இணையத்தளத்துல போட்டிருக்கே?"

"போட்டிருக்கு மேடம். நான் பாத்துட்டேன்ல, போதும்."

தம்பிக்கு முகமெல்லாம் பிரகாசம். "பாத்தியா அக்கா! சார், நான் உங்க கம்பெனி ஷேரத்தான் வாங்கப் போறேன். இவங்கதான் யோசிக்கிறாங்க."

ரசீது எழுதிக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

"ஷேர் விஷயமெல்லாம் நான் பேசக்கூடாது சார். எனக்குத் தெரியவும் தெரியாது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மத்த பேனலையும் ஒருதடவ ஏறிப் பாக்கச் சொல்லுங்க மேடம். பின்பக்கம் கருகியிருந்தா, கண்ணாடி விரிஞ்சிருந்தா, படம் எடுத்து நாளைக்கே கொண்டாங்க. அடுத்த வாரம்னு வைக்காதீங்க."

"ஏன் சார், அடுத்த வாரம் லீவா?" என்று தம்பி சிரித்தான்.

"நாளைக்கு நான் இருப்பேன் சார்," என்றார் அவர்.

பாதி காலியாகியிருந்த கிடங்கிலிருந்து தகட்டை எடுத்து வேனில் ஏற்ற அவரும் ஒரு பக்கம் பிடித்தார். கதவைச் சாத்திவிட்டு, எங்கள் வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வெயிலிலேயே நின்றார்.

வண்டி கிளம்பியதுமே சண்டை ஆரம்பித்தது.

"என்ன சர்வீஸ் அக்கா! நான் மாவு போடுற கடையில ஒரு பாக்கெட் மாவ மாத்திக் கொடுக்கவே நாலு கேள்வி கேப்பேன்."

"அதான்டா. நீ கேப்ப. ஏன்னா நீ நாளைக்கும் கணக்குப் பாக்கணும். இவரு ஒரு கேள்வியும் கேக்கல."

"கெட்டுப்போன கம்பெனி இப்படித் தூக்கிக் கொடுப்பானா? இழுத்தடிப்பான் லா!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நாங்கள் இருவரும் பார்த்தது ஒரே காட்சியைத்தான். அவனுக்கு அது அருமையான நிறுவனமாகத் தெரிந்தது. எனக்கு, மேலதிகாரி யாரும் இல்லாத ஓர் அலுவலகமும் காலியாகிக்கொண்டிருக்கும் ஒரு கிடங்கும் தெரிந்தன.

"உனக்கு எதுலயும் செய்தி வேணும் அக்கா. நல்லது நடந்தாலும் தலைப்பு கெட்டதாத்தான் போடுவ," என்று சொல்லிவிட்டு என்னை எம்ஆர்டி நிலையத்தில் இறக்கிவிட்டான். கையசைக்கவில்லை.

ரயிலில் நான் என் முடிவை ஒருமுறை எதிர்ப்பக்கமிருந்து பார்த்தேன். நான் வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பங்கு இரண்டு மடங்காக ஏறினால், ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் அதைச் சொல்லிக்காட்டுவான். அது பரவாயில்லை என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் அவன் மனைவியை அழைத்தேன்.

"இந்த நிறுவனம் வேண்டாம்மா."

"ஏன்னு கேக்கலாமா அண்ணி?"

"தண்ணி மெஷின்ல போத்தல் இல்ல."

"அது போதுமா?"

"எனக்குப் போதும்."

தம்பி கோபத்தில் இருந்தாலும் காரியத்தில் கெட்டி. மறுநாள் இரண்டு வேலையாட்களோடு கூரையில் ஏறிவிட்டான். இன்னும் சில தகடுகள் பழுதாகியிருந்தன. படங்களை எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே அந்த அலுவலகத்துக்குப் போனான். சாயங்காலம் அழைத்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

அவனுக்கு முன்னால் ஒரு மரச்சாமான் தொழிற்சாலைக்காரர் லாரியில் தகடுகளை ஏற்றிக்கொண்டிருந்தாராம். கிடங்கில் ஒரு மூலை மட்டுமே மிச்சம் இருந்ததாம். தம்பியின் படங்களையும் அந்த மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, இருந்ததில் நல்லதாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"இப்படி எல்லாத்தையும் கொடுத்துட்டா உங்க மேல உள்ளவங்க கேக்க மாட்டாங்களான்னு கேட்டேன் அக்கா."

"என்ன சொன்னாரு?"

"கேக்க வேண்டியவங்க போன வாரமே போயிட்டாங்களாம். சாமான் இருக்கிற வரைக்கும் வாரண்டி கிளைம் பாருன்னு சொல்லிட்டுப் போனாங்களாம். அதான் வாடிக்கையாளர் ஒவ்வொருத்தரா போன் போட்டுக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு. என் நம்பரும் வச்சிருந்தாரு. நாமளே போகலைன்னா வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருப்பாராம்." அடுத்ததை மெதுவாகச் சொன்னான். "அவருக்கு வேல போகுது அக்கா. எனக்கு பேனல் தூக்கிவிடுறாரு."

பிறகு தானாகவே பங்குப் பேச்சுக்கு வந்தான்.

"வாங்கல," என்றான். "குளிர் அறைக்காரனுக்கு போன் பண்ணிட்டேன்."

சில வாரங்களில் அந்தப் பங்கின் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. பிறகு விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. பங்கு வாங்கியவர்களுக்குக் கையில் ஒன்றும் தேறவில்லை. உத்தரவாதத்தை நம்பி உட்கார்ந்திருந்தவர்களும் யாரிடம் போவதென்று தெரியாமல் நின்றார்கள்.

அதற்காக நாங்கள் அந்தத் துறையை விட்டு ஓடிவிடவில்லை. குளிர் அறை மாற்றியபிறகு, போனாலும் தொழிலைத் தொடாத ஒரு தொகையை நானும் தம்பியும் சேர்த்துப் போட்டோம். கடன் குறைவாக உள்ள சில தயாரிப்பாளர்களைப் பார்த்து, சரிவு நீடித்துக்கொண்டிருந்தபோதே, ஒன்றில் கொட்டாமல் பிரித்து வாங்கினோம். வாங்குமுன் இப்போது தம்பியே விசாரித்தான். பக்கத்துத் தொழிற்சாலைக் கூரையில் வேறொரு நிறுவனத்தின் தகடுகள் இருந்தன. அங்கே ஒன்று பழுதாகி விண்ணப்பித்திருந்தார்கள். ஒருநாள் தம்பி அழைத்துப் புலம்பினான்.

"ஃபார்ம் கேக்குறான், பில் கேக்குறான், ஆள் அனுப்பி டெஸ்ட் பண்ணுவானாம், அப்புறம் தலைமை அலுவலகத்துல ஒத்துக்கணுமாம். உயிர வாங்குறான் அக்கா!"

"ரொம்ப நல்லது. வாங்கு," என்றேன்.

அந்தப் பங்குகள் இறங்கின, ஏறின, மறுபடி இறங்கின. இப்போதும் வைத்திருக்கிறோம். விற்கும் எண்ணம் இல்லை. சூரிய மின்சாரத்தின் மீது எனக்கிருந்த நம்பிக்கை குறையவில்லை.

தீபாவளிக்கு முன் தம்பி ஒரு பெட்டி முறுக்கோடு அந்தச் சேவை அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். பூட்டியிருந்தது. பக்கத்து நிறுவனங்களில் விசாரித்தபோது, கடைசி நாள்வரை அவர் ஒருவர்தான் வந்துபோனார் என்று மட்டும் சொன்னார்களாம். தன் அடுத்த வேலையைத் தேட வேண்டிய நாள்களில் முகம் தெரியாத வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டிருந்த அவரிடம், நாங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சந்தை விழும்போதெல்லாம் தெரிந்தவர்கள் இப்போதும் என்னிடம், வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் அந்த நிறுவனத்தின் பழுதான பொருள் ஒன்றோடு அதன் வாசலுக்கு ஒருமுறை போய், அங்கே இருப்பவர் என்ன கொடுக்கிறார் என்பதோடு, எவ்வளவு அவசரமாகக் கொடுக்கிறார் என்பதையும், கொடுக்கும்போது அவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சேர்த்துச் சொல்கிறேன்.