நடுவில் ஒரு வெள்ளைக் கோடு

மாலை மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டு மின்விசிறி சுழலத் தொடங்கியது. நான்கு மணிக்குத்தான் மின்சாரம் வர வேண்டும். அந்த நாட்களில் தக்கலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் மின்வெட்டு நேரத்தைத் தூக்கத்திலும் சொல்வார்கள். மாவரைப்பது, தண்ணீர் ஏற்றுவது, எல்லாம் அதை ஒட்டித்தான். இப்போது அப்படியில்லை. ஆனாலும் எப்போதாவது மின்சாரம் போய், நின்ற விசிறி மறுபடி அசையும்போது நான் எழுந்து ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்க்கிறேன். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். தெரிந்தும் பார்க்கிறேன்.

அன்று அவள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கடியப்பட்டணத்தில் என் மனைவியின் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பழைய வால்வு டிவியைத் தூக்கி வந்திருந்தாள். மாமனார் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கை ஒளிபரப்பைப் பிடித்த பெட்டி அது. குவைத்தில் நர்சாக இருந்த என் மனைவி விடுமுறைக்கு வருவதற்குள் அதில் படம் வரவைக்க வேண்டும் என்று மகளுக்குப் பிடிவாதம். உப்புக்காற்றில் அரித்த இணைப்புகளைச் சுரண்டினாள். வெடித்துப்போன கண்டென்சர்களை மாற்றினாள். திருவனந்தபுரத்துப் பழைய கடைகளில் அலைந்து இரண்டு கண்ணாடி வால்வுகள் வாங்கி வந்தாள்.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். "என்னட்டி மக்கா, இலங்கைக்காரன் இன்னும் உனக்குப் படம் அனுப்புதானா?"

"உங்க ஆட்டோவே ஓடும்போ இது ஓடாதா மாமா?" என்பாள்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அந்தப் பெட்டிக்குள் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் உண்டு என்று அவளே சொல்லியிருந்தாள். காபி கொண்டு போவேன், டம்ளரை எடுக்கப் போவேன். "அப்பா, நீங்க அங்கிட்டு போங்க. நீங்க நின்னா எனக்க கைதான் நடுங்குது" என்று விரட்டுவாள். ஒருநாள் வால்வுகள் செம்மஞ்சளாகக் கனன்று, திரையின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. "படம் முழுக்க அந்தக் கோட்டுக்குள்ள மடங்கிக் கெடக்குப்பா. இனி விரிச்சா போதும்" என்றாள். அவள் முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது.

பெட்டிக்குள் தேங்கி நிற்கும் மின்சாரத்துக்கு அவள் பயந்தாள். கம்பி கட்டிய ஸ்குரூடிரைவரால் அதை இறக்கிவிட்டுத்தான் கை வைப்பாள். சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அவள் பயப்படவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் யாரும் பிளக்கைப் பிடுங்குவதில்லை. பல்பு ஹோல்டர் மாட்டுவதும் மிக்ஸியைப் பிரிப்பதும் எல்லா வீடுகளிலும் அந்த நேரத்தில்தான். நான்கு மணி வரை வராது என்றால் வராது. அன்றும் அவள் பிளக்கைப் பிடுங்காமல்தான் பெட்டிக்குள் கை வைத்திருந்தாள்.

விசிறி சுழன்றதும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குள் முன்னறையில் நாற்காலி விழும் சத்தம். ஓடிப் போனபோது அலமாரியில் முதுகு சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்து, இரண்டு விரல்நுனிகள் கருகியிருந்தன. பிளக்கைப் பிடுங்கியது நானா, என் குரல் கேட்டு ஓடிவந்த ஆட்டோக்காரரா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அந்த மனிதர் ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் வெட்டுக்கத்தியை எடுத்து டிவியின் வயரை இரண்டாக வெட்டினேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை. அதன் பிறகு அவள் ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை. செல்போனைச் சார்ஜில் போடக்கூட என்னைக் கூப்பிட்டாள். சுவிட்சுப் பக்கம் கை நீட்டிவிட்டு இழுத்துக்கொள்வாள். அவள் உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சுவரைத் தொடாமல் நடந்துகொண்டிருந்தோம்.

அந்த வாரக் கடைசியில் என் மனைவி வந்தாள். பெட்டிகளை வாசலிலேயே விட்டுவிட்டு மகளின் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள், நாடி பிடித்தாள். பிறகு என் மணிக்கட்டையும் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிவிக்கு முன்னால் போய்ச் சிறுபிள்ளைபோலத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வெட்டுப்பட்ட வயரை எடுத்து மடியில் வைத்தாள். மகள் கதவருகிலேயே நின்றாள்.

அப்போது கரண்ட் போயிற்று. விசிறி மெதுவாகி நின்றது. என் கண் அதிலேயே இருந்ததை மனைவி கவனித்திருக்க வேண்டும்.

"புதுசா ஒரு வயரு வாங்கிட்டு வாங்க" என்றாள் என்னிடம். மகளைத் திரும்பிப் பார்த்து, "நீ வந்து இரி மக்கா. வேல முடியுற வர பிளக்கு எனக்க கைலதான் இருக்கும்" என்றாள்.