அம்மாவின் வரலாற்றில் கடைசி வரி

ஏழாம் வகுப்பு படிக்கும்போது என் அம்மாவை நான் கொன்றேன். அதுவும் ஆங்கிலத்தில். கீழே அவளிடமே கையெழுத்தும் வாங்கினேன்.

எங்கள் ஆங்கில மிஸ் கொடுத்த வீட்டுப்பாடம் அது. வீட்டில் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு, அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஒரு பக்கம் எழுத வேண்டும். யாரைப் பற்றியதோ அவரே கையெழுத்துப் போட வேண்டும். கேட்பதற்கு எனக்கு ஏது பொறுமை? கைடைத் திறந்தேன். அதிலிருந்த தலைவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வாழ்ந்திருந்தார்கள். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பாடுபட்டுப் படித்து, மக்களுக்காக உழைத்து, கடைசி வரியில் இறந்துபோனார்கள். நாடே அழுதது. செத்தால்தான் வரலாறு முடியும், மார்க்கும் முழுசாக விழும் என்று நினைத்தேன். தலைவர் பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரைப் போட்டேன். நாடு அழுதது என்பதை மட்டும் எங்கள் ஊரான அண்ணனூர் அழுதது என்று மாற்றினேன். அந்த அளவுக்கு நேர்மை இருந்தது.

அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் தவறிய இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். யாரையும் திட்டமாட்டாள். தைத்தவர் அம்பைப் பார்த்துப் பிரித்துத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஸ்டிக்கர்கள் முந்தானையிலும் டிபன் பாக்ஸிலும் ஒட்டிக்கொண்டு எங்கள் வீடுவரை வந்துவிடும். அவள் எட்டாவதோடு நின்றவள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

காலையில் அவள் ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் நோட்டை நீட்டினேன்.

"இன்னாடி எழுதிகீறே என்னப் பத்தி?"

"நல்லதாத்தான்மா."

நோட்டோடு சமையலறைக்குள் போனவள், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். கையெழுத்து இருந்தது. கடைசி வரியின் ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரும் இருந்தது. முந்தானையிலிருந்து விழுந்திருக்கும் என்று அதைப் பிய்த்து என் பென்சில் டப்பாவில் ஒட்டிக்கொண்டேன்.

மிஸ் பக்கத்தைப் படித்தார். செத்துப்போனவளின் கையெழுத்தையும் பார்த்தார். சனிக்கிழமை அம்மாவை அழைத்து வரச் சொன்னார். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அடிக்குப் பயமில்லை. தன் பெண்ணே தன்னைச் சாகடித்துவிட்டாள் என்று தெரிந்தால் அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்பதுதான் பயம்.

சனிக்கிழமை, அம்மாவுக்கு எதிரே என்னை நிற்கவைத்து, எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னார் மிஸ். பிறந்தாள், படித்தாள், உழைத்தாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வரி வந்ததும் நோட்டை மிஸ்ஸிடமே நீட்டினேன். மிஸ் நோட்டை வாங்கி மூடினார்.

"கடைசீல இன்னா ஆச்சு மிஸ்?" என்றாள் அம்மா. அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது.

"கடைசி இன்னும் எழுதலைம்மா. உங்ககிட்ட கேட்டுட்டு எழுதுவா."

அன்று சாயங்காலம் முதல்முறையாகக் கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள். பள்ளியை விட்டு நிறுத்தியபோது இரண்டு நாள் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பினாளாம். கம்பெனியில் சட்டைகளோடு வரும் குறிப்பெல்லாம் ஆங்கிலம் என்பதால், போகவர ரயிலிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாளாம். ஒன்று விடாமல் எழுதினேன். மிஸ் அதை வகுப்பில் படித்துக் காட்டினார்.

இப்போது வானகரத்தில் நானும் ஓர் ஆங்கில மிஸ். வாழ்க்கை வரலாறு எழுதும் பாடம் வரும்போதெல்லாம் அந்த இரண்டு பெண்களுக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். என்னைக் காப்பாற்றியது மிஸ் மட்டும்தான் என்று அன்று நினைத்தேன். அம்மா ரயிலில் ஆங்கிலம் கற்றதை என் கையாலேயே எழுதியிருந்தேன். பென்சில் டப்பாவில் அந்தச் சிவப்பு அம்பு வருடம் முடியும்வரை ஒட்டியே இருந்தது. தன் சாவைப் படித்துவிட்டு, திட்டாமல், பிரித்துத் தைக்கச் சொல்லி அம்மா ஒட்டியது அது என்று எனக்கு அப்போது புரியவில்லை.